கூடையில் இறங்கும் மருந்து

படிக்கட்டில் எந்தக் குழந்தை இருமினாலும், அது இரண்டாவது முறை இருமுவதற்குள் மூன்றாம் மாடிக் கதவு திறந்துவிடும். அலெக்சாந்திரியாவின் கடலீரம் ஏறிய அந்தப் பழைய கட்டடத்தில், இரண்டாம் மாடியில் குடியிருக்கும் சமாஹ் பதினோரு வருடமாக இதைப் பார்க்கிறாள். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

படிக்காமலே மருத்துவரான இனம் ஒன்று உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டடத்தில் அந்த இனத்தின் பெயர் மூன்றாம் மாடி இன்ஷிராஹ். நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அதுதான் படிப்பு, அதுதான் பட்டம். அவர் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் முட்டை இருக்கவேண்டிய இடத்தில், தங்கை மகளுக்கு வாங்கியதும், மருமகனுக்கு வாங்கியதும், யாருக்கு வாங்கியது என்று யாருக்கும் நினைவில்லாததுமாக, பாதி தீர்ந்த மருந்துப் புட்டிகள் நிற்கும். அளவு மூடிகள் எப்போதோ தொலைந்துவிட்டன. அதனால் என்ன? கரண்டி இருக்கிறதே.

காய்கறிக்காரனுக்குக் கயிற்றில் கூடை இறக்கும் அதே பால்கனியிலிருந்து மருந்தும் இறங்கும். வந்த புட்டியை அப்படியே திருப்பி அனுப்பிவிட முடியுமா? இன்ஷிராஹ் அதை வெயிலில் தூக்கிப் பிடித்து மட்டம் பார்ப்பார். குறையவில்லை என்றால் முகம் தொங்கும். ஒரு வாரம் படிக்கட்டில் சலாம் கிடைக்காது. சமாஹ் கூச்சக்காரி. மரியாதைக்காக ஒரு கரண்டியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் அனுப்புவாள். அந்தக் கட்டடத்தில் அதிகமாக மருந்து குடித்தது அவள் வீட்டுச் சாக்கடைதான்.

அந்த மாசி மாதத்துச் சளி மகன் சலீமைப் பிடித்தபோது மட்டும் அவள் தொட்டியில் ஊற்றவில்லை. பிள்ளைக்கு வயது இரண்டு; உடம்பு கொதித்தது; கணவன் துறைமுக வேலையில் இருந்தான். காலையில் காய்ச்சல் மருந்து கொடுத்திருந்தாள். பத்து மணிக்கு நீலப் புட்டி இறங்கியது.

"இது மூக்கு ஒழுகுறதுக்கு. அது காய்ச்சலுக்கு. ரெண்டும் வேற வேற. பயப்படாம குடு," என்றது மேலிருந்து ஒரு குரல்.

கொடுத்தாள். மதியம் அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது இன்ஷிராஹ் தாமே இறங்கி வந்து, இந்தக் கூச்சக்காரி எங்கே சரியாகக் கொடுத்திருக்கப் போகிறாள் என்று தம் கையாலும் ஊட்டினார். நல்ல மனம். இந்த இனத்தில் கெட்ட மனம் படைத்தவர் எவருமில்லை, தொல்லையே அதுதான்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதும் சலீம் எழவில்லை. தூக்கி நிறுத்தினால் துவண்டான்.

"தூங்குறான் பாரு, மதியம் நான் ஊட்டின மருந்து வேலை செய்யுது," என்றார் இன்ஷிராஹ்.

சமாஹ் பிள்ளையைத் தோளில் போட்டு, புட்டிகள் எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு, கீழே மருந்துக்கடைக்கு இறங்கினாள். பின்னாலேயே இன்ஷிராஹ்.

எல்லாரும் டாக்டரம்மா என்றழைக்கும் கடைக்காரி மார்செல் புட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "பேரு வேற, நிறம் வேற. உள்ள இருக்கிற காய்ச்சல் மருந்து ஒண்ணேதான். நீலத்துல தூக்கம் வரவைக்கிறதும் சேர்ந்திருக்கு. ரெண்டு வயசுப் பிள்ளைக்குச் சளி மருந்தே கூடாதும்மா. மொத்தம் எவ்வளவு போச்சு?"

"நான் குடுத்தது ஒரு கரண்டி," என்றார் இன்ஷிராஹ்.

"எந்தக் கரண்டி?"

"கரண்டினா கரண்டிதான், டாக்டரம்மா. எல்லார் வீட்லயும் இருக்கிறது."

சமாஹ் திரும்பினாள். அத்தனை வருடத்தில் அவள் இன்ஷிராஹை நேராகப் பார்த்தது அப்போதுதான். "அக்கா, டீக்கரண்டியா, சோத்துக்கரண்டியா? எத்தனை? என் பிள்ளை மேல ஆணையா சொல்லுங்க."

இன்ஷிராஹின் குரல் சிறுத்தது. "சோத்துக்கரண்டி. ரெண்டு."

அந்த ஒரு பதில்தான் மருத்துவமனையில் உதவியது. எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். சமாஹ் மூன்றையும் சொன்னாள். இரத்தம் எடுத்தார்கள், மாற்று மருந்து ஏற்றினார்கள். விடியும்போது சலீம் கண் விழித்து, தாதியின் கையைக் கடித்தான். சமாஹ் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

இன்ஷிராஹ் உண்மையாகவே அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரியின் மடியில் இருமிய குழந்தையைப் பார்த்தார். "எத்தனை நாளா இருமுது? நான் ஒண்ணு சொல்றேன், கேளு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வாரம் விருந்துக்கு வந்த பிள்ளை தும்மியபோது, அதன் தாய் வாய் திறப்பதற்கு முன் பேசியது யார்?

சலீமுக்கு இப்போது நான்கு வயது. நேற்றிலிருந்து சளி. வெந்நீரும் சூப்பும் குடிக்கிறான். மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கிறது.