இவ்விடம் கிருமி நலம்

உலகில் கிருமிகள் தோன்றிய நாள்முதல், அவற்றின் பசியைப் பற்றி எங்களைப்போலக் கவலைப்பட்டவர்கள் யாருமில்லை. நுரையீரலைத் தின்னும் கிருமி ஒன்று எதைச் சாப்பிடுகிறது, எப்படிச் செரிக்கிறது என்பதைக் கணினிக்குள் அப்படியே கட்டி எழுப்பும் 'கூட்டு மாதிரிக் குழு'வுக்கு நான் செயலாளர். அதன் வயிற்றுக்குள் எந்த அடுப்பை அணைத்தால் அது சாகும் என்று தெரிந்துவிட்டால், ஏற்ற மருந்தைச் சொல்லிவிடலாம். உன்னதமான நோக்கம். பிஸ்கட்டுக்கும் குறைவில்லை.

இரண்டு ஆய்வகங்கள் ஆளுக்குப் பாதிக் கிருமியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தன. இரண்டையும் இணைத்துப் பொத்தானை அழுத்தினோம். கிருமி செத்துப்போயிற்று.

"பட்டினிச் சாவு சார்," என்றாள் கணினிப் பிரிவுப் பெண். "முன்பாதி சர்க்கரை தயாரிக்குது. பின்பாதி சீனிதான் வேணுங்குது. ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்கு யாரும் சொல்லலை."

"ஒரே பேரு வெச்சுட்டா என்ன?" என்றேன்.

"தாராளமா! எங்க பேரையே வைங்க," என்றார் சர்க்கரை ஆய்வகத் தலைவர்.

"விட்டுக்கொடுக்கறதுல எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை," என்றார் சீனி ஆய்வகத் தலைவர். "அவங்க விட்டுக்கொடுக்கட்டும்."

இந்தப் பெருந்தன்மைக்கு நடுவே ஆஸ்பத்திரியிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். அவள் தம்பி அதே கிருமியோடு அங்கே படுத்திருந்தான். கொடுத்த மருந்து எதுவும் கேட்கவில்லை.

"அடுத்து என்ன குடுக்கறதுன்னு டாக்டரே முழிக்கறாருங்க. உங்க கிருமி எதுக்குச் சாகும்னு தெரிஞ்சுதா?"

"அது செத்தே போச்சும்மா."

"அப்பாடா!"

"எப்படியாவது பொழைக்க வைக்கணும்னு எல்லாரும் பாடுபடறோம்."

"என் தம்பியவா?"

"இல்ல... கிருமிய."

போனை வைத்துவிட்டாள். மைத்துனன் நிலையைக் குழுவிடம் சொல்ல எழுந்தேன். ஆனால் நிகழ்ச்சிநிரலில் கிருமியின் வயிறு மட்டுமே இருந்தது.

நீண்ட விவாதத்துக்குப்பின் 'சர்க்கரைச்சீனி' என்ற சமரசப் பெயர் ஏகமனதாக நிறைவேறியது. சர்க்கரைச்சீனியை எந்தப் பாதியும் தயாரிக்காததால் கிருமி மறுபடியும் செத்தது. கடைசியில், அதற்கு வேண்டியதையெல்லாம் வெளியிலிருந்தே ஊட்டிவிடுவது என்று முடிவாயிற்று. ஊட்டினோம். கிருமி கொழுகொழுவென்று எழுந்து உட்கார்ந்தது.

"இனிமே எந்த அடுப்பை அணைச்சாலும் இது சாகாதே சார்," என்றாள் கணினிப் பெண்.

"உயிரோட இருக்குல்ல? அதாம்மா ஒற்றுமை!" என்றார் சர்க்கரைத் தலைவர். சீனித் தலைவர் அவரைக் கட்டிக்கொண்டார். படம் எடுத்தோம்.

கைதட்டல் ஓய்வதற்குள், மனைவிக்கும் ஆறுதலாக இருக்கட்டுமென்று செய்தி அனுப்பினேன்: "இவ்விடம் கிருமி நலம்."

உடனே பதில் வந்தது.

"இவ்விடமும் கிருமி நலம். தம்பிதான் எதையும் சாப்பிட மாட்டேங்கறான்."