கிரைண்டருக்குள் வங்கக்கடல்

படித்தவன் செய்கிற அசட்டுத்தனத்தைப் படிக்காதவன் செய்யவே முடியாது. என்னுடையதை நாற்பது வருடமாக மற்றவர்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை நானே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளில் நான் சென்னையில், கடல் நீரோட்டங்களைக் கம்ப்யூட்டரில் கணக்குப்போடும் ஆராய்ச்சி மாணவன். (கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. திருவண்ணாமலைக்காரன்.) வங்கக்கடலின் மேற்குக் கரையோரம், அதாவது நம் பக்கம், வேகமாக ஓடவேண்டிய நீரோட்டம் என் கணக்கில் கிழக்குக் கரையோரம் ஓடியது. லீவில் ஊருக்குப் போய்த் தப்பைக் கண்டுபிடித்து வா என்றார் பேராசிரியர். பூமி சுற்றுவதால்தான் நீரோட்டம் வளைகிறது. சுற்றுகிற தண்ணீரைக் கண்ணால் பார்த்தால் புத்தி வரும் என்று நினைத்தேன்.

எங்கள் தெருவில் சுற்றுகிற பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. செங்கம் ரோட்டில் இட்லிக் கடை வைத்திருந்த பக்கத்து வீட்டு வள்ளியக்காவின் கிரைண்டர். அக்கா மதியம் கண்ணயர்ந்த நேரம் பின்கட்டில் நுழைந்து, குழவியைத் தூக்கிவைத்துத் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டு, துணிக்குப் போடும் நீலத்தை அரை பாட்டில் கவிழ்த்தேன். அழகாகத்தான் சுழன்றது. ஒன்றும் புரியவில்லை. இரண்டு செம்பு தண்ணீர் விட்டுக் கையால் அலசிவிட்டு நழுவினேன்.

கல்லின் குழிகளில் நீலம் தங்கும் என்று எந்தச் சமன்பாடும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் இட்லி ஆகாய நிறத்தில் வெந்திருந்தது. வாடிக்கைக்காரர்கள் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்கள். ஒரு அண்டா மாவு சாக்கடைக்குப் போனது. புருஷன் இல்லாத அக்காவுக்குக் கடையின் பேர்தான் சோறு போட்டது. உளுந்தில் ஏதோ சாயம் கலந்திருக்கிறது என்று மளிகைக்கடைக்காரரை வரவழைத்துத் திட்டித் தீர்த்தார். அந்த வயசான மனுஷர் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"நீ படிச்ச புள்ள. இது இன்னா சாயம்னு பாத்துச் சொல்லு தம்பி" என்று அக்கா ஒரு இட்லியை நீட்டினார்.

வாங்கக் கை நீட்டினேன். ஐந்து விரலும் அதே நீலம்.

அக்கா விரலைப் பார்த்தார், இட்லியைப் பார்த்தார். "அண்ணே, தப்பா பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் தேங்காய் நாரால் அந்தக் கல்லைத் தேய்த்தேன். அதுவரை கடைக்கான மாவை அம்மா எங்கள் ஆட்டுக்கல்லில் ஆட்டிக் கொடுத்தாள், என்னோடு பேசாமல். (கணக்கில் விடுபட்டது ஒரு மைனஸ் குறி. ஹாஸ்டல் ரூமில் கூட இருந்த நண்பன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தான்.)

எங்கள் வீட்டில் இப்போதும் யாராவது மழுப்பினால் "கையைக் காட்டு" என்பார்கள். கடையை அக்காவின் மகன் நடத்துகிறான்; அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குப் போனால் சாப்பிட அங்கேதான் போவேன்.

"கையக் காட்டு தம்பி" என்பார்.

ரிட்டயரான பேராசிரியர் நான், வழுக்கைத் தலையோடு நின்று இரண்டு கையையும் புரட்டிக் காட்டுவேன். அதற்குப் பிறகுதான் தட்டு வரும்.