எழுப்புதல் சாரும் ஒரு சாயக்கடைப் பெஞ்சும்

அமெரிக்கக் காட்டுவெளியில் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு ஜெபக்கூட்டத்துக்கும், எங்கள் கல்லூரி ஆசிரியர் அறைக் குழாயில் தண்ணீர் வராமைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நிறுவ வல்லவர் இவ்வுலகில் ஒருவரே. அவரோடு ஒரே அறையில் பல்லாண்டு அமர்ந்து சம்பளம் வாங்கியவன் நான். அக்காலத்தில் என் முதன்மையான வேலை தமிழ் கற்பித்தல் அன்று. அவர் பொருட்டு வெட்கப்படுதல்.

வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் பயன்படுத்தியதில்லை. மாணவர்க்கு அவர் ‘எழுப்புதல் சார்’. எழுப்புதல் என்பது எங்கள் மாவட்டக் கிறித்தவர் வழக்கில், உறங்கிக் கிடக்கும் பக்தியை ஊர்கூடித் தட்டி எழுப்புவது. அமெரிக்க வரலாறு என்ற விருப்பப்பாடத்தை நடத்தி வந்த அவர், அந்நாட்டின் போர்களையும் அதிபர்களையும் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார். எஞ்சிய நாளெல்லாம் குதிரையேறி ஊர் ஊராகச் சென்ற பிரசங்கிமார்தாம். வண்டி கட்டிவந்து நாட்கணக்கில் கூடாரமடித்துத் தங்கிய குடியானவர்தாம்.

குழாய்க்கு வருகிறேன். வணிகவியல் ஆசிரியர் ஒருவர், “தண்ணி வரல்லியே” என்று பொதுவாகச் சொன்னார். அவர் செய்த பிழை அவ்வளவே.

“ஏன் வரல்ல? கேக்க ஆள் இல்ல” என்று எழுந்தார் எழுப்புதல் சார். “கேக்கலாம்னு சாதாரண மனுசனுக்கு எப்பம் தோணிச்சு? படிச்ச போதகரு சொல்லியதுதான் வேதம்னு இருந்தவன், வயக்காட்டுல நின்னு ஒருத்தன் பேசியதக் கேட்டு அழுதான். எனக்க ஆத்துமாவுக்கு நானே பொறுப்புன்னான். ஆத்துமாவுக்கே பொறுப்பானவன் பொறவு ராசாவுக்கு அடங்குவானாவே?”

“அதெல்லாம் சரி சார். எனக்குக் கை கழுவணும்.”

“அதத்தானே சொல்லுகேன்!”

மணியடித்தது. வணிகவியலார் சாம்பார் கையோடு வகுப்புக்குப் போனார். நான் மேசைமேல் கிடந்த விடைத்தாள்களுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

இத்தனைக்கும் அவர் கிறித்தவர் அல்லர். அய்யாவழி என்ற எங்கள் பக்கத்து நெறியில் நின்ற குடும்பத்தவர். நெற்றியில் நேர்க்கோடாய் வெள்ளை நாமம் துலங்க, நற்செய்திக் கூட்டம் எங்கு நடந்தாலும் முன்வரிசையில் இருப்பார். கூட்டத்தார் அவரை மனந்திருப்ப முயன்று களைத்தனர். உறவினரோ, அவர் எப்போதோ மாறிவிட்டார் என்று முடிவுசெய்து அழுது களைத்தனர். இரு தரப்பாரையும் அவர் ஒரே அன்போடு ஏமாற்றி வந்தார்.

அவருக்கு ஓர் ஏக்கம் இருந்தது. அக்காலத்துப் பிரசங்கியார் ஒருவர் ஒலிபெருக்கி இன்றிப் பெருங்கூட்டத்துக்குப் பேசினாராம். பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் வைத்திருந்த ஒருவர் அதை நம்பாமல், குரல் எதுவரை கேட்கிறது என்று அறியப் பின்னோக்கி நடந்து பார்த்தாராம். அதே சோதனையை நாஞ்சில் நாட்டில் செய்தாக வேண்டும் என்பது எங்கள் சாரின் தீராத ஆசை. கொட்டாரம் என்ற ஊரில் அவர் வீட்டருகே வயலோரத் திடலில் கூட்டம் நடந்த ஒரு மாலையில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நேரே மைக்செட்டுக்காரரிடம் சென்றார்.

“தம்பி, அஞ்சு நிமிசம் மைக்க அணைக்கியா?”

“சாரே, அவுங்க துட்டு தந்ததே அணைக்காம இருக்கத்தான்.”

அந்நொடியில் மின்வாரியம் அவர் பக்கம் நின்றது. திடல் இருண்டது. பிரசங்கியார் நிறுத்தவில்லை, வெறுங்குரலில் முழங்கினார். சார் என் கையை உதறினார். மேடையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கத் தொடங்கினார். “கேக்குது... கேக்குது... இப்பமும் கேக்குது...” என்று மகிழ்ச்சியோடு தேய்ந்துகொண்டே போன குரல், சட்டென்று நின்றது. தொடர்ந்து, நாற்றங்காலில் ஒரு மூட்டை விழுந்ததைப் போன்ற ஓசை.

விளக்கு வந்தபோது அவர் சேற்றில் மல்லாந்து கிடந்தார். பரிசுத்த ஆவி இறங்கித்தான் சாய்ந்தார் என்பதில் அங்கே குழுமிய விசுவாசிகளுக்கு ஓர் ஐயமும் எழவில்லை.

“ஆவியில விழுந்துட்டாரு! ஸ்தோத்திரம்!”

“வயல்ல விழுந்தேன் ஓய்! கையக் குடும்!”

“ஆண்டவரு நாமக்காரரையே தொட்டுட்டாரு பாத்தியளா!”

பத்துப் பேர் அவர் தலைமேல் கைவைத்து ஜெபித்தனர். தூக்கிவிட ஒருவரும் இல்லை. நான்தான் இறங்கினேன், வெள்ளை வேட்டியோடு. மறுநாள் மாணவி ஒருத்தி என்னிடம், “சாரும் விழுந்தியளா?” என்று பக்தியோடு கேட்டாள். அன்று முழுதும் நான் தலை நிமிரவில்லை.

இவ்வாறிருக்க, அவர் வாழ்வுக்கே உலைவைக்கும் செய்தி வந்தது. கணினிப் பாடத்துக்கு ஊரே ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்க வரலாற்றை எடுத்திருந்தோர், பிற வகுப்புகளில் இடம் கிடைக்காதவர் மட்டுமே. முதல்வர் அவரை அழைத்தார்: வரும் ஆண்டில் பதினைந்து பேர் சேராவிட்டால் அந்தப் பாடம் நீக்கப்படும். திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். வீட்டில் இழவு விழுந்தவர் முகம்கூட அவ்வளவு வெளிறி இராது. அவருக்கு வேறு வகுப்பு கிடைக்கும், சம்பளம் குறையாது. ஆனால் அந்தக் குதிரைக்காரப் பிரசங்கிமாரைப் பற்றிப் பேச இனி அவருக்கு ஓர் அறை இராது.

மறுநாள் அவர் தெளிந்திருந்தார்.

“எழுப்புதல் கூட்டம் நடத்தப் போறேன்வே.”

“எதற்கு?”

“அமெரிக்க வரலாத்துக்குத்தான்.”

கைப்பந்துத் திடலோரத்து மாமரத்தடியில் கூட்டம். வரவேற்புரை என்னுடையது என்று என்னைக் கேளாமலே அறிவிக்கப்பட்டது. கூட்டத்தின் முன்னால், எல்லாரும் காண, வெறுமையாக ஒரு பெஞ்சு கிடந்தது. அக்காலக் கூட்டங்களில் தம் பாவத்தை எண்ணி மனம் கலங்கியோர் எழுந்துவந்து அமர்வதற்கென்றே முன்னால் அப்படி ஒரு பெஞ்சு போடுவார்களாம். வெட்கத்தை விட்டு அதில் வந்து உட்கார்ந்தவன் பாதி மீண்டுவிட்டான் என்பது கருத்து. பெஞ்சைக் கல்லூரி வாயிலில் தேநீர் விற்ற சாயக்கடை அண்ணாச்சியிடம் இரவல் வாங்கியிருந்தார். நான்கு மணிக்கு, எண்ணெயில் பொரித்தெடுத்த பழம்பொரி தின்ன ஆள் வரும். அதற்குள் திருப்பித் தரவேண்டும் என்பது நிபந்தனை.

என் வரவேற்புரையைக் கேட்டோர் வரவேற்கப்பட்டதாக உணர்ந்திருக்க முடியாது. ஆனால் அவர் பேசினார். அப்படி ஒரு பேச்சை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. எஜமானனும் அடிமையும் ஒரே புல்தரையில் முழங்காலிட்டு அழுத கதையைச் சொன்னார். அவ்வாறு அழுதவர்களில் பலர் வீடு திரும்பி அடிமைகளைத் தொடர்ந்து வைத்திருந்த கேவலத்தையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் கேவலம் உறுத்தியவர் சிலர் பின்னாளில் அடிமை முறைக்கு எதிராக எழுந்ததையும், காட்டுக்குள் சிறுசிறு கல்லூரிகள் முளைத்ததையும், மதுவை ஒழிக்கச் சங்கங்கள் கூடியதையும் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்களை மூடி, கையைப் பெஞ்சை நோக்கி நீட்டினார்.

“மனசு கலங்கினவங்க வரலாம்.”

ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ தும்மினர். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாயக்கடை அண்ணாச்சி வந்தார். வெயிலில் நடந்துவந்த களைப்பு. தம் பெஞ்சைக் கண்டார். அமர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். பெஞ்சு கிறீச்சிட்டது. சார் கண்ணைத் திறக்காமலே கூவினார்:

“வந்துட்டாரு! மொத ஆளு வந்துட்டாரு!”

“சாரே, நான் பெஞ்ச எடுக்க வந்தேன்.”

“மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. இரியும்.”

“மணி நாலாவுது. அடுப்புல எண்ண காயுது சாரே.”

“எண்ணய விடும் அண்ணாச்சி. அமெரிக்க வரலாறு எடுக்கீரா?”

“எனக்க மவன் பத்தாங்கிளாசே தாண்டல்ல, எனக்கெதுக்கு இந்த வேல?”

சிரிப்பு திடலைத் தூக்கிற்று. சிரித்தபடியே ஒரு மாணவன் ஓடிவந்து அண்ணாச்சிக்கு அருகே அமர்ந்தான். அவனைக் கேலிசெய்ய இன்னொருவன் வந்தான். அடுத்து வந்தவர்கள் கேலிக்காக வந்தவர்களாகத் தெரியவில்லை. பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, இருபதுக்கு மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர். அண்ணாச்சியை மட்டும் பெரும்பாடுபட்டு விடுவித்தோம். சார் அழுதுவிட்டார். நாமத்தின் வெண்மண் வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்தது.

அந்த எழுப்புதல் ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஒவ்வொருவராகக் கணினிப் பாடத்துக்குத் திரும்பினர். கடைசியில் பின்வாங்கியவன் அறைவாசலில் நின்று நெளிந்தான்.

“சார்... துபாய்ல இருந்து அப்பா போன் போட்டாரு. அமெரிக்கா போணும்னா கம்ப்யூட்டர் படிக்கணும்ல, அமெரிக்கா கதையப் படிச்சு அங்க யாருட்ட போய்ச் சொல்லப்போறன்னு ஏசினாரு.”

“அப்பா சொல்லியது சரிதான் மக்கா. நல்லா படி” என்றார் சார்.

பாடம் நீக்கப்பட்டது. அவருக்கு முதலாமாண்டு பொதுவரலாறு தரப்பட்டது. அதன்பின் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஆசிரியர் அறையில் தேர்வுப் பணிப் பங்கீட்டுக்காகச் சண்டை மூண்டபோது எல்லாரும் பழக்கத்தால் அவரைப் பார்த்தனர். அவர் சன்னலைப் பார்த்தார். வழியில் மாணவரைக் கண்டால் விலகி நடந்தார். அத்தனை ஆண்டுகள் வெட்கம் என்பதையே அறியாதிருந்தவர், இப்போது வெட்கப்பட்டுக் கொண்டிருந்தார். எனக்கு வேண்டிய அமைதி கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மாலை கன்னியாகுமரிப் பேருந்தில் இருவரும் ஏறினோம். நெரிசல். சுசீந்திரத்தில் இறங்கவேண்டியவன் நான். அவ்வூர்த் தெப்பக்குளம் கண்ணில் பட்டது. அவர் கம்பியைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் என்ன நேர்ந்ததென்று தெரியாது. பேருந்து முழுதும் கேட்கும்படி, மேடைத் தமிழில், உரக்கக் கேட்டேன்:

“ஐயா, அந்தக் கூடாரக் கூட்டங்களில் பெண்கள் எழுந்து பேசத் தொடங்கியது எவ்வாறு?”

பேருந்தே திரும்பிப் பார்த்தது. என் காது மடல்கள் எரிந்தன. அவர் நிமிர்ந்தார், என்னை ஐயத்தோடு பார்த்தார்.

“அது... சபையில பொம்பளைங்க வாயத் தெறக்கக்கூடாதுன்னு இருந்த காலம்...” என்று தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

“சத்தமாச் சொல்லும் சாரே, இஞ்ச கேக்கல்ல” என்றார், வெற்று மீன்கூடையோடு படியருகே உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள்.

குரல் உயர்ந்தது. அந்தக் கூடாரக் கூட்டத்தின் நடுவே ஒரு வேலைக்காரப் பெண் எழுந்தாளாம். போதகர் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. சனம், பேசட்டும் என்றது. சுசீந்திரம் வந்தது, போயிற்று, நான் இறங்கவில்லை.

“பொறவு? அந்தப் பிள்ள என்ன பேசிச்சு?” என்று கேட்டார் மீன்கூடை அம்மாள்.

“முதல்ல தன் பாவத்தப் பேசினா. பொறவு புருசனுக்க குடியப் பேசினா. அவளப்போல உள்ளவங்கதான் பின்னாளுல கடைய மூடச்சொல்லிச் சாராயக்கடை வாசல்ல போய் நின்னது.”

“எங்க தெருமுக்குலயும் ஒரு கட இருக்கு. அவள ஒருநா கூட்டிட்டு வாரும் சாரே.”

பேருந்து சிரித்தது. அவரும் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பின் அந்தச் சிரிப்பைக் கண்டேன். நடத்துநர் வந்து, “கொட்டாரம் தாண்டியாச்சு, ரெண்டு சாரும் எங்க போறியோ?” என்று கேட்ட பிறகே இறங்கினோம்.

வயல்களுக்கு நடுவே சாலையில் திரும்பி நடந்தோம். அவர் இரு கைகளையும் வீசிக் குதிரைமேல் வந்த பிரசங்கியாரை நடித்துக் காட்டியவாறு வந்தார். எதிரே வந்த மிதிவண்டிக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தனர். அவர்களில் இருவர் என் மாணவர். பார்க்கட்டும் என்றிருந்தது.