சாமி ரூம்

பீரோ வாசலில் சிக்கிக்கொண்டது. பாதி அறைக்குள், பாதி ஹாலில். உள்ளே முருகானந்தம், வெளியே அவர் மனைவி ஜோதி.

"ஏனுங்க, ஊடு அலங்காரம் பண்ற பொண்ணு போன்ல என்ன சொல்லுச்சு?" என்று ஜோதி இடுக்கு வழியாகக் கேட்டாள். "நாங்க வந்து பாக்கற வரைக்கும் எதையும் மாத்தாதீங்க, ஊடு எப்பவும் போலக் கெடக்கட்டும்னுதானுங்க சொல்லுச்சு?"

"எந்த ரூமு யாருக்குன்னு முடிவு பண்ணி வெய்யுங்கன்னும் சொல்லுச்சில்ல? கெழக்கு ரூமு சாமிக்குன்னு நீதான சொன்ன?"

"சொன்னனுங்க."

"சாமி ரூமுல பழைய துணி பீரோ எதுக்கு?"

ஜோதி பீரோவை இன்னொரு தள்ளு தள்ளினாள்.

முருகானந்தம் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் பாறையைத் துளைக்கிறவர். வீட்டு அலங்காரம் செய்யும் சரிதா, முதல்முறை வீட்டைப் பார்க்க மறுநாள் சேலத்திலிருந்து வருகிறாள். அதற்குள் ஓர் அறையைக் காலி செய்ய அவரால் முடியாதா என்ன?

அந்த அறை தேவிப்ரியாவுடையது. கூடப் படித்த பையனைக் கட்டிக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்ட ஒரே மகள். "இந்த ஊட்ல அவ பேரை எடுக்கக் கூடாது" என்று அன்றைக்குச் சொல்லித் தொலைத்தவர், நாலு வருஷமாக அந்தச் சொல்லை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கிடந்தார். குழந்தை பிறந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். அவர் பார்க்கப் போகவில்லை. ஜோதி தெருக் குழந்தைகளை 'வா சாமி' என்று தூக்கிக் கொஞ்சினாள். பூட்டிய அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமி குடியேறிவிட்டால் அந்த வேதனை தீர்ந்துவிடும் என்று நம்பினார்.

பீரோ வெளியே வரட்டும் என்று கதவைக் கழற்றினார். கதவோடு சுவரோரத்துச் சிமென்ட்டும் பெயர்ந்து வந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டார். கொத்தனார் பூசிய இடம் மட்டும் பல்லை இளித்தது. அதை மறைக்க அறை முழுக்க மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். கட்டில், மேசை, மெத்தை எல்லாம் ஹாலுக்கு வந்தன. ஹாலில் கால் வைக்க இடமில்லை.

"ஊடு எப்பவும் போலத்தான் கெடக்குது" என்றாள் ஜோதி.

"கிண்டலா? இனிமே இந்த ஊட்ல கறி கெடயாது, தெரிஞ்சுக்க. சாமி இருக்கற எடம்."

"சாமி கோழிக்கொழம்பு கேட்டா?"

"கேக்கறது முனியப்பனா இருந்தா வெளிய வெச்சுப் படைச்சுக்கலாம்."

ஜோதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

பீரோ இருந்த இடத்தில் ஒரு துப்பட்டா விழுந்து கிடந்தது. முருகானந்தம் தூசி தட்டி மடித்தார். மடித்ததைப் பிரித்தார். பிறகு அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஜோதி திரும்பி வந்து நின்றதும், "பெயின்ட்டு கண்ணு எரியுது" என்றார்.

"எனக்கும்தானுங்க" என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். துப்பட்டா நுனியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "ஒரு போன் பண்ணிப் பாக்கலாமுங்களா?" என்றாள்.

"வேண்டாம். ரூமையே சாமிக்குக் குடுத்தாச்சு. இனி அந்தப் பேச்செதுக்கு?"

காலையில் சரிதா வந்தாள். அளவெடுக்கத் தச்சர் சென்றாயனும் கூட வந்தார். கட்டிலைத் தாண்டி, மெத்தையைச் சுற்றி அறைக்குள் நுழைந்தவளின் தோளில் ஈர மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"சார், எதையும் மாத்தாதீங்கன்னு சொன்னனே."

"நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதுங்கம்மா. மணி இங்க தொங்கட்டும். வெளக்கு அங்க. பீடம் கெழக்க பாத்து."

சரிதா குழம்பிப்போய் ஜோதியைப் பார்த்தாள். "நீங்க போன்ல வேற மாதிரி சொன்னீங்களேம்மா?"

"சாமிக்குன்னுதான் கண்ணு சொன்னேன்" என்றாள் ஜோதி, தரையைப் பார்த்தபடி.

சுவரில் டேப்பைப் பிடித்திருந்த சென்றாயன் இது எதையும் காதில் வாங்காமல் முருகானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கய்யா, சாமி தனியாப் படுத்துக்குமுங்களா, இல்ல அதோட அம்மாவுக்கும் சேத்துப் பெரிய கட்டிலாப் போட்டறலாமுங்களா?"