பல்கனியில் நின்ற தம்பிராசா

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் குறைவு. ஆனால் அவற்றில் ஒன்றை நானே எழுதி, அழகாகத் தலைப்புப் போட்டு, யாரை ஏமாற்றினேனோ அவருக்கே அனுப்பியும் வைத்தேன். இந்தக் கெட்டித்தனத்தை வேறு யாராவது செய்திருந்தால் அறியத் தரவும், சங்கம் தொடங்கலாம்.

இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்து நாலாவது வருடம் நான் மோர்மன் சபையில் சேர்ந்தேன். என் கணவர் அருள் மன்னார்க் கத்தோலிக்கர், இன்றும் அப்படியே. "நீர் எங்கை வேணுமெண்டாலும் கும்பிடும். என்ர தேத்தண்ணியிலை மட்டும் கை வையாதையும்," என்றார். பயந்ததில் நியாயம் இருந்தது. எங்கள் சபையில் மது, புகையிலை, தேநீர், கோப்பி எதுவும் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து தங்கை தொலைபேசியில் கேட்டாள்: "அப்ப மோரே அக்கா குடிக்கிறியள்? அதாலையோ மோர்மன் எண்டு பேர்?" (அவள் பட்டதாரி.)

அந்தக் கேள்விதான் என்னை வலைப்பதிவு எழுத வைத்தது. விசுவாசத்தையும் வீட்டு வாழ்க்கையையும் கலந்து தமிழில் எழுதினேன். மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம் இருந்துகொண்டு, கடலைமாப் பலகாரம் பொரியும் வாசத்துக்குள்ளால் இங்குள்ள அல்பெர்கேரியாப் பகுதிச் சந்துகளில் நடந்துபோவதன் ஆன்மிகம் பற்றி நீண்ட பதிவு ஒன்று போட்டேன். எனக்கு வாசகர்கள் இரண்டு பேர்: ஒன்று தங்கை, மற்றது, தங்கை வாசித்துவிட்டாளா என்று பத்துத்தரம் திறந்து பார்க்கும் நான்.

மதுவை மறுப்பது சுலபம். பலெர்மோவில் ஒருவர் தரும் கோப்பியை மறுப்பது, அவருடைய குடும்பத்தையே பழித்த மாதிரி. நான் வேலை செய்யும் வீடு போர்கோ வெக்கியோவுக்குப் பக்கத்தில். வீட்டுக்கார அம்மா, நாங்கள் சொல்வதுபோல சிஞ்ஞோரா, கணவரை இழந்த கணித ஆசிரியை. முதல்நாள் காலையே இரண்டு கரண்டி சீனி போட்ட கோப்பியை என் கையில் தந்து, இத்தனை நாளும் தனியே குடித்ததாகச் சொன்னார். "நான் குடிப்பதில்லை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கிராத்சியே, நன்றி" என்று வெளியே வந்தது. அவர் திரும்பியதும் பல்கனிக்குப் போய், பெரிய சாடியில் நின்ற எலுமிச்சை மரத்துக்கு ஊற்றினேன்.

இரண்டாம் நாள் உண்மை சொல்வது முதல்நாளைவிடக் கடினம். அப்படியே மூன்று வருடம் ஓடியது. சீனிக்கு எறும்பு வந்தது. எறும்புக்கு மருந்தடிக்க ஆள் வந்தார். அவருக்கும் சிஞ்ஞோரா கோப்பி கொடுத்தார். அந்த அப்பாவி அதைக் குடித்தும் விட்டார்.

ஒரு ஞாயிறு சபையில் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். நான் அழுதுவிட்டேன். சிஞ்ஞோராவிடம் பாவத்தைச் சொல்லத் துணிவு வரவில்லை; ஆகவே உலகத்துக்குச் சொன்னேன். இலக்கியமாக இருக்கட்டும் என்று மரத்துக்குத் தம்பிராசா என்று பெயரும் வைத்தேன். "ஒவ்வொரு காலையும் சிஞ்ஞோரா திரும்பியதும், அவர் ஆசையாகத் தந்த கோப்பியைப் பல்கனியில் நிற்கும் தம்பிராசாவுக்குக் கொடுத்துவிடுவேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குடிப்பார். மூன்று வருடமாக எங்கள் இரகசியம் சிஞ்ஞோராவுக்குத் தெரியாது." மரம் என்ற சொல்லைப் பதிவில் எங்கும் போடவில்லை. வாசகர்கள் ஊகிக்கட்டுமாம்!

அந்தச் சனிக்கிழமை, நான் எழுதுகிறவள் என்று சிஞ்ஞோராவிடம் பெருமையடித்தேன். அனுப்பு பார்ப்போம் என்றார். தமிழ் எழுத்து அவருக்குக் கோலம் மாதிரித்தானே என்று அனுப்பினேன். தொலைபேசியே தமிழை இத்தாலியனாக்கிக் கொடுக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

திங்கள் காலை கதவைத் திறந்தவர் கட்டடக் காவலாளி சால்வோ. கையில் கூட்டுகிற தும்புத்தடி. பின்னால் சிஞ்ஞோரா. இருவரும் பேசியது இத்தாலியன்தான். பயத்தில் என் காதுக்கு எல்லாம் ஊர்த் தமிழாகவே விழுந்தது.

"ஆர் இந்தத் தம்புராஜா?" என்றார் சிஞ்ஞோரா. "மூண்டு வருஷமா என்ர பல்கனியிலை ஆரை ஒளிச்சு வைச்சிருக்கிறாய்?"

"வீடு முழுக்கத் தேடிப்போட்டன். ஆள் தப்பியிட்டான்," என்றார் சால்வோ, தும்புத்தடியைத் தாழ்த்தாமல்.

"சபையிலை ஏழையளுக்குக் குடு எண்டு என்ர மனுசன்ர கோட்டு தந்தனே, அதையும் அவனுக்கோ குடுத்தனீ?"

அடுத்த மாதம் நான் பெர்மெஸ்ஸோவை, அதாவது இங்கே தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்த வீட்டு வேலை ஒப்பந்தம் வேண்டும். அதை நினைத்ததும் நான் படித்த இத்தாலியன் முழுவதும் ஆவியாகிப் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"லிமோனே!" என்று கத்தினேன். "தம்பிராசா, லிமோனே!"

"எலுமிச்சம்பழமும் குடுக்கிறியோ அவனுக்கு!"

வேறு வழியில்லாமல் சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மரத்தின் முன் நிறுத்தினேன். கோப்பி ஊற்றுவதுபோல் நடித்தும் காட்டினேன். சால்வோ குனிந்து சாடி மண்ணைக் கிள்ளி மணந்தார். "கோப்பிதான்," என்றார், பிரேதப் பரிசோதனை முடித்த டொக்டர் மாதிரி.

சிஞ்ஞோராவின் முகத்தில் ஒரு கணம் நிம்மதி. அடுத்த கணம் கணித ஆசிரியை கணக்குப் போட்டுவிட்டார்.

"அப்ப... மூண்டு வருஷமா ஒருநாளும் நீ குடிக்கேல்லை?"

"இல்லை, சிஞ்ஞோரா."

அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். "ஆம்பிளை எண்டால் எனக்கு விளங்கியிருக்கும்," என்றார். சால்வோ சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நான் விக்கி விக்கி எல்லாவற்றையும் சொன்னேன்: என் விசுவாசம், முதல்நாள் வெட்கம், நாட்கள் போகப்போக வளர்ந்த பயம். "பிழைதான். நீங்கள் ஆசையாத் தந்தியள். முகத்தைப் பார்த்து மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சுது."

அவர் தம்பிராசாவின் இலை ஒன்றைத் தடவிப் பார்த்தார். பிறகு, "நான் கோப்பி தந்தது கோப்பிக்காக இல்லையடி. ஒரு ஆளோடை இருந்து குடிக்கத்தான்," என்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். வேலை போய்விட்டது என்று என் கூட்டுமாறை உள்ளே வைத்துவிட்டு நின்றேன். கால்மணியில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தார். ஓர்சோ, வறுத்த பார்லியில் போடும் பானம். இங்குள்ள சபைக்காரர் எல்லோரும் குடிப்பதுதான், எனக்குத்தான் தெரியாது.

அன்றிலிருந்து தினமும் எதிரெதிரே இருந்து குடிக்கிறோம். ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார். என் வலைப்பதிவுக்கு மூன்றாவது வாசகியும் ஆகிவிட்டார். அதனால் இப்போது மரத்தை மரம் என்றே எழுதுகிறேன்.

கதை கட்டடம் முழுக்கப் பரவி, எங்கள் ஆட்களிடமும் வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அருள் தேத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டு தொடங்கிவிடுவார்:

"நான் இவவுக்கு ரெண்டாவது ஆள்தான். முதலாவது ஆள் வேலை வீட்டுப் பல்கனியிலை நிக்கிறார். தங்கமான மனுசன். குடுக்கிறதைக் குடிச்சுப்போட்டு, திருப்பி ஒரு கதை கதைக்கமாட்டார். எனக்குத்தான் அது வராது."