ஏழாம் மேசை

பூமியின் தென்பாதியில் இருந்த அந்த ஊருக்கு ஜூலை நடுக்குளிர்காலம். ஒன்பதாம் தேதி காலை பத்தேகாலுக்கு வெயில் ஏழாம் மேசையைத் தொட்டது. மார்னி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வரைபடத்தில் அவள் குறித்திருந்த நேரம் அதுதான்.

மேசையில் ஒரு புகார்ச் சீட்டு கிடந்தது. 'இங்கே கண் கூசுகிறது. உட்காரத் தகுதியற்ற இடம்.' பெயர் இல்லை.

"இப்படி மூணு சேர்ந்தா ஊர் கவுன்சில் ஆள் வந்துடுவான்," என்றார் நூலகர் டெஸ். "அவனுக்கு ஜன்னல்னாலே ஆகாது."

நூலகம் கட்டடக்கலைஞரான மார்னி கட்டியது. தூண்கள் பழைய ஆப்பிள் கிடங்குகளின் மரம். சுவர் ஆற்றங்கரை மண். அந்த ஊரில் வெயில் வரும் வடக்குப் பக்கம், தரையிலிருந்து கூரை வரை ஒரே ஜன்னல். குளிர்காலச் சூரியன் தாழ வந்து மண்சுவரைச் சூடாக்கும். சூடு சாயங்காலம் வரை நிற்கும். பகலில் விளக்கும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம். பதினெட்டு வருஷத் தொழிலில் அவள் நினைத்தபடியே கட்டி முடித்தது இது ஒன்றுதான்.

ஏழாம் மேசையில் வின்டன் உட்கார்ந்திருந்தார். முன்பு மரலாரி ஓட்டியவர். முகம் முழுக்க வெயில்.

"உங்களுக்குக் கண் கூசலையா?" என்றாள் மார்னி.

"ரொம்பக் கூசுது," என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "மனுஷன் உக்காருவானா இங்க."

"பிளாஸ்டிக் திரை ஒண்ணு வாங்கி மாட்டினா அரை மணி நேர வேலை," என்றார் டெஸ்.

"பிளாஸ்டிக் இதுக்குள்ள வராது."

உள்ளூர்க் கம்பளியில் திரை நெய்து மாட்டினாள். அறை குளிர்ந்தது. மழை ஈரத்தில் திரை ஆட்டு வாடை அடித்தது. கதை கேட்க வந்த குழந்தைகள் மேசைக்கடியில் ஆட்டைத் தேடினார்கள். யாரோ திரையை ஒரு கை அகலம் விலக்கி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் சீட்டு வந்தது. 'இடுக்கில் வரும் வெயில் இன்னும் மோசம். யாரையும் உட்கார விடாதீர்கள்.'

திரையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடியில் மெல்லிய காகிதம் ஒட்டினாள். வெளிச்சம் எல்லா மேசைக்கும் பரவியது. நூலகம் கதகதப்பாக இருக்கிறது என்ற செய்தியும் பரவியது. தள்ளுவண்டிக் குழந்தைகளோடு தாய்மார்கள் காலையிலேயே வந்து நிரம்பினார்கள். வின்டன் வாசலருகே நின்றபடி செய்தித்தாள் படித்தார்.

மூன்றாம் சீட்டு: 'இப்போது எட்டாம் மேசையும் தகுதியற்றது.'

கவுன்சில் ஆள் வந்தான்.

"உக்காரத் தகுதியில்லைன்னு மூணு தடவை எழுத்துல வந்திருக்கு. நாளைக்கு யாருக்காவது கண்ணு போச்சுன்னா?"

"வெயில்ல உக்காந்து யாருக்குக் கண்ணு போச்சு?"

"போகாதுன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் போயிடறேன்."

மார்னி பேனாவை எடுத்தாள். மூன்று சீட்டையும் இன்னொரு முறை படித்தாள். பேனாவை மூடி வைத்தாள்.

ஜன்னலை மறைக்கும் அலமாரியை அவளே வரைந்து கொடுத்தாள். மிச்சமிருந்த கிடங்கு மரம் அதற்குச் சரியாக இருந்தது. பத்தடி உயரம். கூரையில் குழல்விளக்குகள் வந்தன. மூலையில் ஒரு ஹீட்டர் வந்தது. அது டெஸ்ஸின் காலை மட்டும் சூடாக்கியது.

"அலமாரி அழகாத்தான் இருக்கு," என்றார் டெஸ்.

மார்னி குழல்விளக்குகளைப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வின்டன் தேநீர்க் குடுவையோடு வந்தார். கூட்டம் இல்லை. ஏழாம் மேசை காலியாக இருந்தது. அவர் அலமாரியைப் பார்த்தார். கழற்றப்போன கோட்டுக்குத் திரும்பப் பொத்தான் போட்டார்.

"ஜன்னல் எங்கம்மா?"

"மூடிட்டோம். மூணு புகார் வந்துச்சு."

அவர் குடுவையை ஏழாம் மேசையில் வைத்தார்.

"வீட்டுல விறகு தீர்ந்து ரெண்டு மாசமாச்சு. என் இடத்துல வேற யாரும் வந்து உக்காரக் கூடாதுன்னுதான் அதை எழுதிப் போட்டேன். நீங்க அதையெல்லாம் படிக்கவா செய்றீங்க?"