சிவப்பு நூல் பெட்டி, வெள்ளை நூல் பெட்டி

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்தப் பக்கம் இருப்பவர்களும் நெருக்கி உட்காருங்கள். திண்டுக்கல்லில் ஒரு நல்ல மனிதன் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஐந்து நாள் பட்ட பாட்டைச் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். அடக்கி வயிறு வலித்தால் நான் பொறுப்பில்லை.

"ஏய்யா ராயப்பா, பெட்டிய மாத்திக் கட்டிட்டியா?"

டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். சாயக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ராயப்பராஜின் கையிலிருந்து கிண்ணம் நழுவித் தொட்டியில் விழுந்தது.

"இல்லீங்களே ஐயா."

"இல்லீங்களேன்னா? நீயே வந்து பாரு."

அது அறுபத்திரண்டாம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலை. பேகம்பூரில் ஓட்டுக் கட்டிடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, 'புற்றுநோய் ஆராய்ச்சிப் பொது லேப்' என்று பலகை மாட்டியிருந்தார்கள். வாய்ப்புற்றை ஆராய்கிற டாக்டர்கள் இரண்டு பேர், வெவ்வேறு ஆஸ்பத்திரிக்காரர்கள். ஆளுக்கொரு மைக்ராஸ்கோப் வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே மைக்ராஸ்கோப், ஒரே மெழுகு அடுப்பு, ஒரே ஐஸ் பெட்டி, ஒரே ராயப்பராஜ். காலையில் இந்த நாலும் டாக்டர் ஸ்தனிஸ்லாஸுக்கு. மத்தியானம் இந்த நாலும் டாக்டர் வேலுசாமிக்கு.

மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைத் துடைக்காமல் வைத்துவிட்டுப் போனது யார் என்று போன தை மாதம் ஒரு சண்டை. அதிலிருந்து இரண்டு டாக்டர்களும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேச வேண்டியதெல்லாம் ராயப்பராஜ் வழியாகத்தான்.

அப்போது நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சி இதுதான். ஊருக்கு வெளியே இருந்த ஒரு புகையிலைக் கிட்டங்கியில், அதாவது சேமிப்புக் கிடங்கில், வேலை செய்யும் பெண்கள் நாற்பது பேர். அதில் புகையிலை போடுகிறவர்கள் இருபது, போடாதவர்கள் இருபது. ஒவ்வொருத்தியின் கன்னத்து உள்பக்கத்தையும் மரக்குச்சியால் லேசாக வழித்து, கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றிப் பார்ப்பது. போடுகிறவர்களின் சில்லுகள் சிவப்பு நூல் கட்டிய பெட்டியில். போடாதவர்களின் சில்லுகள் வெள்ளை நூல் கட்டிய பெட்டியில். வழிப்பதும் தடவுவதும் கட்டுவதும் ராயப்பராஜின் வேலை.

ராயப்பராஜ் குனிந்து பார்த்தான். நல்ல வாய் என்றால் சாயத்தில் எப்படித் தெரியும் என்பது அவனுக்கு அத்துப்படி. விரித்த அப்பளம் மாதிரி, நடுவே ஒரே ஒரு மிளகு. கெட்டுக்கொண்டு வருகிற வாய் என்றால் அப்பளம் சுருங்கிப் போகும், மிளகு புளியங்கொட்டை அளவுக்கு வீங்கிவிடும். அது நோய் இல்லை. நோய் வரப்போகிறது என்று வாய் முன்கூட்டியே போடுகிற கடுதாசி. அப்போதே புகையிலையை விட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு நூல் பெட்டியில் இருந்ததெல்லாம் அப்பளம். வெள்ளை நூல் பெட்டியில் இருந்ததெல்லாம் புளியங்கொட்டை.

"புகையிலை போடுறவ வாய் பூ மாதிரி இருக்கு. போடாதவ வாய் புண்ணாக் கெடக்கு. இது எந்த ஊர் நியாயம்?" என்றார் டாக்டர். "வெள்ளிக்கெழம மெட்ராஸ்லேருந்து பெரிய டாக்டர் வாராரு. நம்ம வேலை சுத்தமா இருந்தா லேப் இங்கயே இருக்கும், உன்னையும் பெர்மனன்ட் ஆக்குவாங்க. இல்லேன்னா மைக்ராஸ்கோப்ப ரயில்ல ஏத்திருவாங்க. ஒன்னய வீட்டுக்கு ஏத்திருவாங்க."

வேலை இல்லாமல் ராயப்பராஜால் வீட்டுக்குப் போகவே முடியாது. ஏனென்றால் அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள், 'எங்க வீட்டுக்காரருக்குப் பெர்மனன்ட் ஆயிருச்சு' என்று மரியநாதபுரம் முழுக்கச் சொல்லி, கோயில் வாசலில் சர்க்கரையும் கொடுத்து முடித்திருந்தாள்.

தான் நூல் மாற்றிக் கட்டவில்லை என்று அவனால் சத்தியம் பண்ண முடியவில்லை. முந்தின நாள்தான் பூசைக்குப் போய்விட்டு யாரோ ஒரு அம்மாளின் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு வந்திருந்தான். "இதுல பூப் போட்டிருக்கே, அது கூடவா தெரியல?" என்று இஞ்ஞாசியம்மாள் கேட்டதற்கு, "காலுக்கு மெத்துனு இருந்துச்சு" என்று சொன்னவன் அவன்.

அதனால் மறுபேச்சுப் பேசாமல் நூல்களை அவிழ்த்து மாற்றிக் கட்டினான். டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் திருப்தியாக வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் ராயப்பராஜ் சாப்பிட்டுவிட்டு வந்தபோது டாக்டர் வேலுசாமி கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ராயப்பா, சனிக்கெழமயே கவனிச்சேன். பெட்டி ரெண்டும் மாறிக் கெடந்துச்சு. ஒனக்கு எதுக்குச் சிரமம்னு இப்ப நானே நூலை மாத்திக் கட்டிட்டேன். அந்த மனுசன்கிட்டச் சொல்லாத, பெருமை பேசுவாரு."

ராயப்பராஜ் தலையாட்டினான். ஒரு டாக்டரிடம் இன்னொரு டாக்டரின் பெயரைச் சொன்னால் சாயந்தரம் வரை வசவு கேட்க வேண்டியிருக்கும். அவர் போனதும் சத்தமில்லாமல் திரும்பவும் மாற்றிக் கட்டினான்.

வந்தது வினை. போகிற வழியில் டாக்டர் வேலுசாமிக்குத் தன் கைவேலை மேல் சந்தேகம் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே வந்து பெட்டிகளைத் திறந்து பார்த்தார். அதற்குள் டாக்டர் ஸ்தனிஸ்லாஸும் வந்துவிட்டார். இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ராயப்பா, நேத்து நான் மாத்திக் கட்டுனத யாரு அவுத்ததுன்னு அவர்கிட்டக் கேளு."

"ஐயா, அவரு மாத்திக் கட்டுனத யாரு அவுத்ததுன்னு கேக்குறாரு."

"நான் மாத்தச் சொன்னத இவரு எதுக்கு மாத்துனாருன்னு கேளு."

"ஐயா, நீங்க எதுக்கு..."

"காது கேக்குது" என்றார் டாக்டர் வேலுசாமி. "அப்போ மொத்தம் எத்தன தடவ மாத்துனீங்க?"

ராயப்பராஜ் விரல் விட்டுப் பார்த்தான். அவன் ஒன்று, வேலுசாமி ஒன்று, திரும்ப அவன் ஒன்று. ஆனால் முதலில் சரியாகக் கட்டினானா, தப்பாகக் கட்டினானா என்பதிலிருந்து அல்லவா கணக்கு ஆரம்பிக்க வேண்டும்? விரல்கள் அந்தரத்திலேயே நின்றுவிட்டன.

"சரி," என்றார் டாக்டர் ஸ்தனிஸ்லாஸ் பெருமூச்சு விட்டு. "இந்தப் பெட்டிகள இனிமே கடவுளே வந்து சொன்னாலும் நம்ப முடியாது. அம்புட்டுப் பேரையும் திரும்பக் கூப்பிடு. வியாழக்கெழம மறுபடி எடுப்போம்."

ராயப்பராஜ் அன்றைக்கே சைக்கிளை மிதித்துக் கிட்டங்கிக்குப் போனான். கிட்டங்கி முதலாளி, வருகிறவர்களுக்கெல்லாம் அரை நாள் லீவு தருவதாகச் சொன்னார். பெண்கள் கூடிவிட்டார்கள். அங்கே யாரையும் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. வெற்றிலை எல்லோரும் போடுவார்கள். எல்லோர் பல்லும் சிவப்பு. புகையிலைக் கட்டுகளுக்கு நடுவே வேலை செய்வதால் எல்லோர் மேலும் ஒரே வாசனை. அவரவர் வாயால் சொன்னால்தான் உண்டு.

ராயப்பராஜ் ஒரு மூட்டை மேல் ஏறி நின்றான்.

"போன தடவ ஒரு நாள்னு சொன்னோம். இந்தத் தடவ இன்னும் கண்டிப்பு. புகையிலை போடுறவங்க நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைக்கும் நாளைக்கும், ரெண்டு நாளு வாயில புகையிலைத் துணுக்குக்கூடப் படக்கூடாது. பட்டா சாயம் ஏறாது. அப்படிக் கட்டுப்பாடா இருந்து வாரவங்களுக்குப் போன தடவ மாதிரி ஒரு வடை இல்ல, ரெண்டு உளுந்த வடை, ஒரு காப்பி. போடாதவங்களுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்ல, வடையும் இல்ல. வந்ததும் எடுத்துட்டு அனுப்பிருவோம்."

"போடுறவ எந்தப் பக்கம் நிக்கணும்?" என்று கேட்டாள் ஒச்சம்மாள். கிட்டங்கியில் மூத்தவள்.

"இந்தப் பக்கம்."

ஒச்சம்மாள் நிதானமாக எதிர்ப் பக்கம் போய் நின்றாள்.

இந்த முறை தப்பே நடக்கக் கூடாது என்று ராயப்பராஜ் புது ஏற்பாடு செய்தான். போடுகிறவர்களின் மணிக்கட்டிலேயே சிவப்பு நூலைக் கட்டினான். போடாதவர்களுக்கு வெள்ளை நூல். சில்லு கைமாறினாலும் கை மாறாது அல்லவா?

வியாழக்கிழமை காலை பொது லேப் வாசலில் திருவிழாக் கூட்டம். சிவப்பு நூல்காரிகள் போன தடவை இருபது பேர். புதிதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து இந்தத் தடவை முப்பத்திரண்டு பேர் ஆகியிருந்தார்கள். பேகம்பூர் முக்கில் வடை போடும் ஜெய்தூன் பீவி அடுப்பையே தூக்கிக்கொண்டு லேப் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கட்டுப்பாடா இருந்தீங்களா தாயி?" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டான் ராயப்பராஜ்.

"ரெண்டு நாளு என்ன அண்ணே, ரெண்டு மாசம்னாலும் இருப்போம். வடை சூடா இருக்கா?"

இப்படியும் ஒரு மன உறுதியா என்று அவனுக்குக் கண் கலங்கியது. வெள்ளை நூல்காரிகளோ நிலைகொள்ளாமல் நெளிந்தார்கள். "வெரசா முடிப்பா, சோலி கெடக்கு" என்று ஒச்சம்மாள் விரட்டினாள். வழித்து முடித்ததும் சிட்டாகப் பறந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே சாயம் ஏற்றினார்கள். அவசரத்தில் இரண்டு டாக்டர்களும் ஒரே நேரத்தில் வந்து, ஒரே மைக்ராஸ்கோப்பில் ஆளுக்கொரு கண்ணை வைத்துப் பார்த்தார்கள்.

சிவப்பு நூல்: அப்பளம், அப்பளம், அப்பளம். வெள்ளை நூல்: புளியங்கொட்டை.

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்கள். பிறகு டாக்டர் வேலுசாமி, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக, நேரடியாகவே பேசினார்.

"ஸ்தனிஸ்லாஸ், ஒருவேளை... புகையிலைதான் வாயைக் காப்பாத்துதோ?"

"எனக்கும் அதேதான் தோணுச்சு, வேலுசாமி. சொல்லப் பயமா இருந்துச்சு."

"பத்து வருசமா ஊரு சனத்த விடு விடுன்னு சொல்லிக்கிட்டிருக்கோமே!"

"நம்ம ரெண்டு பேரும் ஒரு நாள்கூடப் போட்டதில்லையே! நம்ம வாய் என்ன கதியில இருக்கோ!"

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளாத குறை. ராயப்பராஜை அனுப்பி நல்ல காரப் புகையிலையாக வாங்கி வரச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை காலை, மெட்ராஸ் டாக்டர் வருவதற்கு அரை மணி முன்னால், வாயைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணத்தோடு ஆளுக்கு ஒரு பெரிய உருண்டையாகச் சுருட்டிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டார்கள்.

"எச்சியத் துப்பணும் ஐயா, முழுங்கப்படாது" என்று ராயப்பராஜ் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் வேலுசாமி விழுங்கிவிட்டார்.

மெட்ராஸ் பெரிய டாக்டர் உள்ளே வந்தபோது, ஒருவர் பெஞ்சில் மல்லாந்து கிடந்து ஓடு சுற்றுவதை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். விக்கல் மட்டும் வெளியே கேட்டது.

"என்ன இது?"

"உலகத்துக்கே... ஹிக்... புதுக் கண்டுபிடிப்பு" என்றது ஐஸ் பெட்டி.

பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார். நூல்களைப் பார்த்தார். கடைசியில் ராயப்பராஜைப் பார்த்தார்.

"புகையிலை வாயைக் காப்பாத்துமா? சின்னப் பிள்ளகூட நம்பாது. ஒண்ணுதான் நடந்திருக்கணும். இந்த ஆளு முதல்லேருந்தே எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணியிருக்கான். நீ என்னப்பா சொல்ற?"

ராயப்பராஜுக்குக் கோயில் வாசலில் இஞ்ஞாசியம்மாள் கொடுத்த சர்க்கரை கண்முன் வந்தது. அதை யாரிடமும் திரும்ப வாங்க முடியாது.

"ஐயா, நான் செருப்பை மாத்திப் போடுறவன்தான். ஆனா நூலைக் கையிலயே கட்டுனேன் ஐயா. அந்தந்தக் கையப் பாத்து அந்தந்தச் சில்லுல கட்டுனேன். இந்தத் தடவ சத்தியமா மாறல."

"அப்போ நாற்பது, ஐம்பது பொம்பளைங்க வாய் பொய் சொல்லுதா?" பெரிய டாக்டர் பேனாவைத் திறந்தார். "உன் முழுப் பேரைச் சொல்லு. வேலையிலேருந்து நிறுத்தி எழுதுறேன்."

"ராயப்பராஜ்" என்றான் அவன்.

வடைத் தட்டுகளை எடுத்துப் போக வந்த ஜெய்தூன் பீவி அதுவரை கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள்.

"அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க ஐயா! ரெண்டு நாளு புகையிலை வாயில படாம வந்தாத்தான் வடைன்னா, அது புகையிலையே போடாதவளாலதானே முடியும்? போடாதவ அம்புட்டுப் பேரும் வடைக்காக 'நான் போடுறவ'ன்னு வந்துட்டாளுக, போடுறவ அம்புட்டுப் பேரும் 'நான் போடுறதே இல்ல'ன்னு அந்தப் பக்கம் போயி நின்னுட்டாளுக!"

கேட்டுச் சிரித்த என் கண்ணுகளே, உங்கள் வீட்டு உலை ஒருநாளும் ஆறாமல் கொதிக்கட்டும். உங்கள் வாசற்படியில் நோய் நொடி கால் வைக்காமல் திரும்பிப் போகட்டும். பிள்ளை குட்டிகளோடு நிறைந்து வாழுங்கள்.